மெனு கார்டை நம்பி ஆர்டர் செய்யாதீர்கள்: அமெரிக்கப் பல்கலைக்கழக வகுப்பு அட்டவணையில் தேடும் முறை

போன ஜூனில் திருச்சியிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். டெக்சாஸில், டல்லாஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் இருக்கும் யு.டி. டல்லாஸில் (டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் வளாகம்) கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்து, விசாவும் வந்துவிட்டது. "மாமா, முதல் செமஸ்டருக்கு மூணு பாடம் முடிவு பண்ணிட்டேன்" என்று பட்டியல் ஒன்றை அனுப்பினான். பார்த்தேன். மூன்றில் ஒன்று அந்த செமஸ்டரில் நடக்கவே இல்லை. மற்ற இரண்டும் நடக்கின்றன, ஆனால் ஒரே கிழமை, ஒரே நேரம். அவன் பார்த்தது கேட்லாக். பார்த்திருக்க வேண்டியது வகுப்பு அட்டவணை.

அவன்மேல் தப்பில்லை. நம் ஊர்க் கல்லூரியில் இந்த வேலையே கிடையாது. செமஸ்டர் தொடங்கும்போது டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் டைம்டேபிள் ஒட்டியிருப்பார்கள். நாம் போய் உட்கார வேண்டியதுதான். எலெக்டிவ் என்று ஒன்றிரண்டு வந்தாலும் பெரும்பாலும் ஹெச்.ஓ.டி. சொல்வதே எலெக்டிவ். அங்கே அந்த டைம்டேபிளை நீங்களேதான் கட்ட வேண்டும்.

கேட்லாக் என்பது ஹோட்டல் மெனு கார்டு மாதிரி. அந்தத் துறை எப்போதாவது நடத்தக்கூடிய எல்லாப் பாடங்களும் அதில் இருக்கும். வகுப்பு அட்டவணை, மேஜைக்கு வந்து நிற்கும் சர்வர் "இட்லி, பொங்கல், வடை ரெடியா இருக்கு சார்" என்று ஒப்பிப்பது. காளான் தோசை கார்டில் இருக்கலாம். அவர் வாயில் வரவில்லை என்றால் இன்றைக்கு இல்லை.

நல்ல விஷயம் என்னவென்றால், இந்த அட்டவணையைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் எல்லோரும் பார்க்கும்படி திறந்தே வைத்திருக்கின்றன. லாகின் வரும்வரை காத்திருக்க வேண்டாம். யு.டி. டல்லாஸில் இதன் பெயர் கோர்ஸ்புக். அதையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். நீங்கள் போகும் இடத்தில் பெயரும் பட்டன்களும் மாறும், தேடும் முறை மாறாது.

முதலில் ஒரு தாள்

தேடலைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்து, பட்டம் வாங்க என்னென்ன பாடங்கள் தேவை என்று உங்கள் துறையின் பக்கத்தைப் பார்த்துக் கையால் எழுதுங்கள். யு.டி. டல்லாஸ் சி.எஸ். எம்.எஸ். என்றால் மொத்தம் 33 கிரெடிட். ஒரு பாடம் 3 கிரெடிட், ஆக பதினோரு பாடங்கள். நீங்கள் எந்த டிராக்கில் (சிறப்புப் பிரிவில்) போகிறீர்களோ அதற்கேற்பக் கட்டாயப் பாடங்கள் மாறும்.

அடுத்து சேர்க்கைக் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படியுங்கள். பலர் வாழ்த்து வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குக் கீழே, நீங்கள் முதலில் முடிக்க வேண்டிய அடிப்படைப் பாடங்கள் ஏதாவது இருந்தால் அவற்றின் எண்கள் இருக்கும். இது முக்கியம். உதாரணமாக சி.எஸ். 6363 என்ற அல்காரிதம் பாடத்துக்குள் நுழைய, டேட்டா ஸ்ட்ரக்சர் சொல்லித்தரும் சி.எஸ். 5343 முடித்திருக்க வேண்டும், அல்லது "இவருக்குத் தேவையில்லை" என்று துறை விலக்கு தந்திருக்க வேண்டும். பி.இ.யில் அதே பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவர்கள் விலக்கு கேட்டுப் பார்க்கலாம். பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் துறை அட்வைசருக்கு ஊரிலிருந்தே மெயில் போடுங்கள். ஆகஸ்டில் அவர் வாசலில் பெரிய கூட்டம் நிற்கும். இந்த அடிப்படைப் பாடங்கள் 33 கிரெடிட்டில் சேராது என்பதால், விலக்கு கிடைக்கும் ஒவ்வொரு பாடமும் பணமாகவே மிச்சம்.

எண்ணுக்குள் இருக்கும் சேதி

6363 என்பதை வரிசை எண் என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். யு.டி. டல்லாஸில் முதல் இலக்கம் படிப்பின் நிலை. 1 முதல் 4 வரை இளங்கலை. 5, 6 என்று தொடங்கினால் முதுகலை. இரண்டாவது இலக்கம் கிரெடிட். 6363-இல் இரண்டாவது இடத்தில் 3, ஆக மூன்று கிரெடிட். அந்த இடத்தில் 'வி' என்ற எழுத்து இருந்தால் கிரெடிட் நிலையாக இல்லை, ஆராய்ச்சி, தனிப்படிப்பு மாதிரி ஒன்று என்று அர்த்தம். எல்லா ஊரிலும் இதே கணக்கு இல்லை. அதே டெக்சாஸில், ஆஸ்டின் வளாகத்தில் மூன்று இலக்க எண்கள்தான். அங்கே முதல் இலக்கமே கிரெடிட்டைச் சொல்லும். எண்களுக்கான விளக்கம் எந்தக் கேட்லாகிலும் முன்பக்கத்தில் எங்கோ இருக்கும். தேடிப் படித்துவிடுங்கள்.

கேட்லாகில் பாட விவரத்தின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 3-0 என்றும், பக்கத்தில் ஒற்றை எழுத்தும் இருக்கும். 3-0 என்றால் வாரம் மூன்று மணி நேரம் வகுப்பு, ஆய்வகம் இல்லை. யாரும் கண்டுகொள்ளாத அந்த ஒற்றை எழுத்துதான் என்னைப் பொறுத்தவரை மொத்தப் பக்கத்திலும் மதிப்பு மிக்கது. 'எஸ்' என்றால் ஒவ்வொரு செமஸ்டரும் நடக்கும். 'ஒய்' என்றால் வருடம் ஒருமுறை. 'டி' என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. 'ஆர்' என்றால் ஆசிரியரும் மாணவர்களும் அமைந்தால் உண்டு. மருமகன் ஆசைப்பட்டு எழுதியிருந்த பாடத்தின் கடைசியில் 'ஆர்' இருந்தது.

இதை வைத்துத் திட்டம் போடலாம். இரண்டு வருட எம்.எஸ்.ஸில் உங்களுக்கு இரண்டே ஃபால் (ஆகஸ்டில் தொடங்கும் செமஸ்டர்), இரண்டே ஸ்பிரிங் (ஜனவரியில் தொடங்குவது). 'ஒய்' போட்ட பாடத்தை இந்த முறை தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு ஒரு வருடம் கழித்து. அது உங்கள் கடைசி வாய்ப்பாகவும் இருக்கும். 'எஸ்' போட்டது எப்போதும் கிடைக்கும், காத்திருக்கட்டும். ஆக முதலில் இடம் பிடிக்க வேண்டியது 'ஒய்' பாடங்களுக்கு. தாளில் எழுதிய ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் அதன் எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தேடத் தொடங்குவோம்

கோர்ஸ்புக்கில் இரண்டு விதமாகத் தேடலாம். ஒன்று, செமஸ்டர், துறை, நிலை, கிழமை, நேரம் என்று பெட்டிகளில் தேர்ந்தெடுப்பது. இன்னொன்று, ஒரே பெட்டியில் சுருக்கமாகத் தட்டுவது. செமஸ்டருக்கு அவர்கள் வைத்திருக்கும் குறி எளிது: வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம், கூடவே ஓர் எழுத்து. ஃபாலுக்கு 'எஃப்', ஸ்பிரிங்குக்கு 'எஸ்', கோடைக்கு 'யு'. 2025 ஃபால் என்றால் 25எஃப்.

புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு, தொடங்கும்போதே எல்லாப் பெட்டிகளையும் நிரப்பிவிடுவது. "திங்கள், புதன், காலை 10 முதல், காலியிடம் உள்ளது மட்டும்" என்று போட்டால் இரண்டு வரி வரும், மனசு உடைந்துவிடும். முதல் தடவை செமஸ்டரும் துறையும் மட்டும் போதும். நூற்றுக்கணக்கில் கொட்டட்டும். மேலிருந்து கீழ்வரை ஒரு முறை கண்ணை ஓட்டுங்கள்; தாளில் இருக்கும் பாடங்களில் இந்த முறை நடப்பது எவை என்று டிக் போடுங்கள். 'காலியிடம் மட்டும்' என்ற வடிகட்டியை இந்தக் கட்டத்தில் தொடவே தொடாதீர்கள். இன்று நிரம்பிக் கிடக்கும் வகுப்பில் செமஸ்டரின் முதல் வாரத்தில் இடம் விழலாம்.

'ஒய்' பாடம் ஒன்று இந்தப் பட்டியலில் இல்லையா? பதறாமல் செமஸ்டர் குறியை மாற்றி, முந்தைய இரண்டு மூன்று வருடங்களைத் தேடுங்கள். தொடர்ந்து ஸ்பிரிங்கில் மட்டும் நடந்திருந்தால், வரும் ஸ்பிரிங்கில் எதிர்பார்க்கலாம். யாரும் எழுதித் தந்த உறுதி இல்லைதான். ஆனாலும் பஸ் டைம் போர்டு இல்லாத ஊரில் டீக்கடைக்காரரைக் கேட்பதுபோல, பழைய அட்டவணை ஓரளவு சரியாகவே சொல்லும்.

மேலாண்மைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒரே வகுப்பு இரண்டு துறைப் பெயர்களில் ஓடுவதுண்டு. பிசினஸ் அனலிடிக்ஸின் 6356-உம் எம்.ஐ.எஸ். (மேலாண்மைத் தகவல் அமைப்புகள்) துறையின் 6356-உம் ஒரே பாடம். ஒரு பெயரில் தேடிக் கிடைக்காவிட்டால் மறு பெயரிலும் தேடுங்கள்.

ஒரு செக்‌ஷனைத் திறந்தால்

ஒரே பாடத்துக்குப் பல செக்‌ஷன்கள், அதாவது வெவ்வேறு நேரத்தில் நடக்கும் தனித்தனி வகுப்புகள், இருக்கும். பாட எண்ணுக்குப் பின் புள்ளி வைத்து 001, 002 என்று வருவது செக்‌ஷன் எண். பொதுவாக 5-இல் தொடங்கும் 501 மாதிரி எண்கள் மாலை வகுப்புகள். நடுவில் 'டபிள்யூ' வந்தால் ஆன்லைன்.

இவை தவிர, ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் ஐந்து இலக்க வகுப்பு எண் தனியாக உண்டு. பதிவு செய்யும்போது தட்ட வேண்டியது இதைத்தான். செமஸ்டருக்கு செமஸ்டர் இது மாறும் என்பதால் சீனியர் தந்த பழைய எண்ணை நம்பாதீர்கள். சில பல்கலைக்கழகங்களில் இதையே சி.ஆர்.என். என்பார்கள்.

கிழமையும் நேரமும் பார்க்கும்போது கவனம். கோர்ஸ்புக் கிழமையை முழுசாக எழுதுகிறது. பல இடங்களில் ஒற்றை எழுத்துதான். செவ்வாய்க்கு 'டி', வியாழனுக்கு 'ஆர்'. நான் சேர்ந்த புதிதில் (வேறு ஊர், வேறு கல்லூரி) 'டிஆர்' என்று இருந்ததைப் பார்த்து, செவ்வாய் வகுப்பு, 'ஆர்' ஏதோ ரூம் சங்கதி என்று நினைத்துக்கொண்டேன். முதல் வியாழக்கிழமை நான் தூங்கிக்கொண்டிருந்தபோது அங்கே குவிஸ் நடந்திருக்கிறது.

தேதிகளையும் பாருங்கள். எல்லா வகுப்பும் செமஸ்டர் முழுக்க ஓடாது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் செஷன் 'ஏ' என்றால் முதல் ஏழரை வாரம், 'பி' என்றால் அடுத்த ஏழரை வாரம், 'சி' என்றால்தான் முழு 15 வாரம். ஏழரை வார வகுப்பு சீக்கிரம் முடியும் என்று சந்தோஷப்பட்டு இரண்டை ஒன்றாகப் போட்டால் மூச்சு முட்டும். பாடம் பாதியாகாது, நாள்தான் பாதியாகும்.

இடம் என்ற வரியில் கட்டடத்தின் சுருக்கப் பெயரும், புள்ளி வைத்த ஓர் எண்ணும் இருக்கும். 2.415 என்றால் இரண்டாவது மாடி என்று ஏறிவிடாதீர்கள். அமெரிக்காவில் தரைத்தளம்தான் முதல் தளம். நம் கணக்கில் அது முதல் மாடி.

ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஸ்டாஃப்' என்று இருந்தால், இன்னும் ஆள் முடிவாகவில்லை என்று பொருள். ஒன்றும் பயமில்லை, ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

பழைய சிலபஸ்

இது டெக்சாஸ் மாணவர்களுக்குக் கிடைத்த கொடுப்பினை. அந்த மாநிலத்தில் 2009-இல் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பல்கலைக்கழகங்கள் இளங்கலை வகுப்புகளின் சிலபஸையும், ஆசிரியரின் கல்வித் தகுதி விவரங்களையும், லாகின் கேட்காமல், முகப்புப் பக்கத்திலிருந்து மூன்று கிளிக்குக்குள் கிடைக்கும்படி இணையத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. முதுகலை வகுப்புகளுக்கும் கோர்ஸ்புக்கில் பெரும்பாலும் கிடைக்கின்றன.

ஆனால் வகுப்பு தொடங்கி ஏழு நாள் வரை சிலபஸ் போட சட்டமே அவகாசம் தருகிறது. ஆகவே ஜூனில் நீங்கள் தேடும்போது வரும் ஃபால் வகுப்பின் சிலபஸ் இருக்காது. அதே பாடம், அதே ஆசிரியர், போன வருடக் குறி என்று தேடி, பழையதைத் திறந்து பாருங்கள்.

அதில் தலைப்புகளைவிட மதிப்பெண் பங்கீட்டைத்தான் முதலில் பார்ப்பேன். பரீட்சைக்கு எவ்வளவு, வாராவாரம் தரும் ஹோம்வொர்க்குக்கு எவ்வளவு, குழு ப்ராஜெக்டுக்கு எவ்வளவு? மூன்று பாடத்திலும் ப்ராஜெக்ட் என்றால் நவம்பர் கடைசியில் நீங்கள் மனுஷராக இருக்க மாட்டீர்கள். இரண்டு ப்ராஜெக்ட், ஒரு பரீட்சைப் பாடம் என்று கலந்து எடுப்பது உடம்புக்கு நல்லது. அப்புறம், எந்த நிரல்மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். தெரியாது என்றால் ஜூலையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம்.

நேரத்தைப் பொருத்துவது

ஐந்து கிழமைக்கு ஐந்து பத்தி போட்டு ஒரு கட்டம் வரையுங்கள். யு.டி. டல்லாஸில் வாரம் இருமுறை நடக்கும் வகுப்பு ஒவ்வொன்றும் 75 நிமிடம். காலை 10 முதல் 11.15, பிறகு 11.30 முதல் 12.45, பிறகு 1 முதல் 2.15 என்று கால் மணி இடைவெளியில் வரிசையாக ஓடும். வாரம் ஒருமுறை மட்டும் என்றால் மாலை 7 முதல் 9.45 வரை ஒரே மூச்சு. பகலில் வளாகத்தில் வேலை பார்க்க நினைப்பவர்களுக்கு இது தோது. ஆனால் இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு எப்படிப் போவீர்கள் என்பதையும் வீடு பார்க்கும்போதே யோசியுங்கள். கார் இல்லாமல் டெக்சாஸில் இருப்பது தனிக் கதை.

ஒரே ஒரு கட்டம் போதாது. மூன்று போடுங்கள். முதலாவது ஆசைப்படுவது. இரண்டாவதில் அதே பாடங்கள், வேறு செக்‌ஷன்கள். மூன்றாவதில் ஒரு பாடமே மாறியிருக்க வேண்டும். புது மாணவர்களுக்குப் பதிவு பெரும்பாலும் பழைய மாணவர்கள் பதிந்தபிறகுதான் திறக்கும். முதல் கட்டம் அப்படியே கிடைத்தால் அதிர்ஷ்டம்.

விசா கணக்கு

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஃபாலிலும் ஸ்பிரிங்கிலும் முழுநேர மாணவராக இருந்தே ஆக வேண்டும். யு.டி. டல்லாஸ் முதுகலைக்கு அது 9 கிரெடிட், அதாவது மூன்று பாடம். இளங்கலைக்கு எங்குமே 12. இந்தக் கணக்கில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான், அதாவது 3 கிரெடிட் மட்டும்தான் சேரும். எனவே மூன்று பாடத்தில் குறைந்தது இரண்டு பாடம் நேரில் போய் உட்காருவதாக இருக்க வேண்டும். பாதி நேரில் பாதி ஆன்லைன் என்று வரும் ஹைப்ரிட் வகுப்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மெயிலாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி செமஸ்டரில் ஒரே ஒரு பாடம் பாக்கி என்றால் அனுமதி வாங்கிக் குறைவாக எடுக்கலாம். அந்த ஒன்று முழு ஆன்லைனாக இருக்கக் கூடாது. இதைத் தெரியாமல் நேரடி வகுப்புகளை எல்லாம் முதலிலேயே முடித்துவிட்டுக் கடைசிக்கு ஆன்லைன் பாடத்தை வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

பதிவு நாள்

கோர்ஸ்புக்கில் தேடத்தான் முடியும். பதிவது ஓரியன் என்ற வேறு இடத்தில். உங்களுக்கென்று தரப்பட்ட நாளும் நேரமும் டல்லாஸ் நேரத்தில் இருக்கும். கோடையில் நமக்கும் டல்லாஸுக்கும் பத்தரை மணி வித்தியாசம். அங்கே காலை 9 என்றால் இங்கே இரவு 7.30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றியபிறகு பதினொன்றரை மணி ஆகிவிடும். ஸ்பிரிங்கில் சேருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதற்கு முந்தைய நாளே, வேண்டிய வகுப்பு எண்களை ஷாப்பிங் கார்ட்டில் போட்டு வையுங்கள். 'ஹோல்ட்' (பதிவுக்குப் போட்டிருக்கும் தடை) ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்; அது இருந்தால் பட்டன் வேலை செய்யாது. டெக்சாஸில் 22 வயதுக்குக் கீழே உள்ள புது மாணவர்கள் மூளைக்காய்ச்சல் தடுப்பூசிச் சான்று தர வேண்டும் என்பது மாநிலச் சட்டம். ஊசி ஐந்து வருடத்துக்குள் போட்டதாகவும், வகுப்பு தொடங்கும் நாளுக்குக் குறைந்தது பத்து நாள் முந்தியதாகவும் இருக்க வேண்டும். பி.இ. முடித்த கையோடு 21 வயதில் போகிறவர்கள் ஊரிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

வகுப்பு நிரம்பியிருந்தால் வெயிட்லிஸ்டில் சேருங்கள், ஆனால் கையில் வேறு 9 கிரெடிட்டைப் பிடித்துக்கொண்டு சேருங்கள். வெயிட்லிஸ்டில் நிற்கும் பாடம் முழுநேரக் கணக்கில் வராது. ஏற்கெனவே பதிந்த வகுப்போடு நேரம் மோதினால், உங்கள் முறை வந்தாலும் கணினி உங்களைத் தாண்டி அடுத்தவருக்குப் போய்விடும். ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறும்போது 'டிராப்' செய்துவிட்டுப் பிறகு சேர முயலாதீர்கள். 'ஸ்வாப்' என்று ஒன்று உண்டு. புது இடம் உறுதியானால்தான் அது பழையதை விடும்.

வகுப்பு தொடங்கி முதல் வாரம், காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை அட்டவணையைத் திறந்து பாருங்கள். பலர் விடுவதும் மாறுவதும் அப்போதுதான். மருமகனுக்கு ஆசைப்பட்ட செக்‌ஷன் கிடைத்தது இரண்டாவது கட்டத்தில் இல்லை, மூன்றாவதில் இருந்து ஸ்வாப் செய்து, செமஸ்டரின் நாலாவது நாள் இரவில்.

பாடம் ஒத்துவரவில்லை என்றால் விடுவதற்கும் ஒரு தேதி உண்டு. டெக்சாஸில் ஃபால், ஸ்பிரிங் செமஸ்டரின் 12-ஆவது வகுப்பு நாளை (உங்கள் பாடத்தின் 12-ஆவது வகுப்பு அல்ல, பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் நடக்கும் 12-ஆவது நாள்) 'சென்சஸ் டே' என்பார்கள். அதற்குள் விட்டால் மதிப்பெண் பட்டியலில் தடம் இருக்காது. அதற்குப் பிறகு விட்டால் 'டபிள்யூ' என்று நிற்கும். எப்போது விட்டாலும், 9 கிரெடிட்டுக்குக் கீழே இறங்குவதாக இருந்தால் பட்டனைத் தொடும் முன் பன்னாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.